பொம்பளச் சீக்கு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் கேட்டு வளர்ந்த சொல் ‘பொம்பளச் சீக்கு’. ஆணுக்கு வரும் பால்வினை நோய்க்கு அந்தப் பெயர். பெண்ணிடமிருந்து ஒட்டியது என்று பொருள். அதே நோய் பெண்ணுக்கு வந்தால் ‘வெள்ளைப்படுது’, ‘உடம்புச் சூடு’ என்பார்கள். அப்போது மட்டும் அது யாரிடமிருந்தும் வந்ததாகப் பேச்சில் இராது.

இந்தப் பார்வை சட்டமாகவும் இருந்திருக்கிறது. 1868இல் ஆங்கில அரசு கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், சிப்பாய்களின் உடல்நலத்துக்காகப் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து, பரிசோதித்து, நோய் கண்டால் மருத்துவமனையில் அடைத்தது. 1888இல்தான் அது நீக்கப்பட்டது.

இன்று அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம். கருப்பைவாய் அழற்சிக்கு அசித்ரோமைசின், செஃபிக்சிம் மாத்திரைகள் கொண்ட சாம்பல்நிறப் பொட்டலம் தருகிறார்கள். இணையருக்கும் சிகிச்சை வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டுதல். விதி சரிதான். நிறைவேற்றும் வேலை யாருக்கு? ‘வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா’ என்ற ஒரு வரியில் அது பெண்ணின் தலையில் ஏறிவிடுகிறது.

தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் பஸ் ஏறிப்போய்க் காட்டுபவள் அவள். கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் போன்ற தொற்றுகள் பல ஆண்களிடம் அறிகுறியே காட்டுவதில்லை. ‘எனக்கு ஒண்ணுமில்லையே, உனக்கு எப்படி வந்துச்சு?’ என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வியையும், அதைத் தொடர்ந்து அடி விழுந்தால் அதையும் அவள் தனியாகவே தாங்க வேண்டும். அவன் மாத்திரை போடாவிட்டால் தொற்று அவளுக்குத் திரும்ப வரும். கருக்குழாய் அடைபட்டால் ‘மலடி’ என்ற பெயரும் அவளுக்கே.

மருத்துவ ஆராய்ச்சியும் இதில் பின்தங்கியே வந்தது. பாக்டீரியல் வஜினோசிஸைப் பெண்ணுறுப்பின் நுண்ணுயிர்ச் சமநிலை கெடுவதாக மட்டுமே நெடுங்காலம் கருதினார்கள். 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்கு அது திரும்ப வந்தது. ஆண் துணைக்கும் தந்தபோது 35 சதவீதமே.

ஆணை அழைக்கும் பொறுப்பை, அவள் சம்மதித்தால், மையமே ஏற்க வேண்டும். அழைப்புச் சீட்டில் நோயின் பெயரோ அவள் பெயரோ இருக்கக் கூடாது. அவனுக்குரிய மாத்திரையை அவள் வழியாக அனுப்புவதா என்பதும் அவள் முடிவாகவே இருக்கட்டும். தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை அறிகுறியை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதை அவனிடம் சொல்ல வேண்டியவர் மருத்துவர், அவளல்ல.