முட்டுக்கட்டைக்கு ஒரு வார்த்தை

நம்முடைய சிறுகதைகளிலும் நாவல்களிலும் தேரோட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் படித்த தேர்களெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. ஜனங்கள் வடம் பிடிக்கிறார்கள். கோஷம் வானைப் பிளக்கிறது. கதாநாயகன் கூட்டத்தில் கதாநாயகியைப் பார்க்கிறான். அடுத்த பாராவில் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. நடுவே நான்கு வீதிகளும் நான்கு முனைகளும் இருந்தனவே, அவை என்ன ஆயின? ஆசிரியர் சொல்வதில்லை. தேர் பறந்துதான் போயிருக்க வேண்டும்!

இதைச் சின்னக் குறை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. திருப்பாதிரிப்புலியூர்த் தேரையும் சிதம்பரத்துத் தேரையும் பல வருஷங்கள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேரோட்டம் என்பது முனைகளில்தான் இருக்கிறது.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் கீழ வீதியிலிருந்து புறப்பட்டுத் தெற்கு, மேல, வடக்கு வீதிகளைச் சுற்றி வருகின்றன. நேர்வீதியில் தேரை இழுக்கக் கையில் பலமும் மனத்தில் பக்தியும் இருந்தால் போதும். முனை வந்தால் அது போதாது. தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது, அச்சு அசையாது. பிரதட்சிணமாக வருவதால் ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வடத்தைத் தளர்த்தி, ஜனங்களை அந்தப் பக்கமாக ஒதுக்கி நிறுத்துகிறார்கள். வலச் சக்கரத்தின் முன்னே கட்டை விழுகிறது. அந்தச் சக்கரம் அடங்கி நிற்க, இடச் சக்கரம் மட்டும் உருள, தேர் கொஞ்சம் முகம் திருப்புகிறது. கட்டையை எடுத்து, இழுத்து, மறுபடியும் போட்டு, மறுபடியும் இழுத்து... அது ஒரேயடியாகத் திரும்புவதில்லை. சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து நின்று, கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் அந்த மனிதரைப் பற்றி ஒரு கதை உண்டா? நான் படித்ததில்லை.

கதை இல்லாதது மட்டுமல்ல. பாஷையும் அவருக்கு அநியாயம் செய்திருக்கிறது. ‘முட்டுக்கட்டை போடாதே’ என்கிறோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவனுக்கு அவருடைய தொழிலின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். கட்டை விழாவிட்டால் தேர் திரும்பாது. நேரே போய் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் ஏறும். வேகத்தைப் புகழத் தெரிந்த நமக்கு நிறுத்தத்தைப் புகழத் தெரியவில்லை.

இந்தக் குறையை எனக்கு உணர்த்தியது, தேருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆங்கிலக் கட்டுரை. 1955-ஆம் வருஷம் மே மாதம் இத்தாலியில் ‘மில்லே மில்யா’ என்ற மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பிரெஷியா நகரிலிருந்து ரோமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், எல்லாம் சாதாரணப் பொதுச் சாலை. ஸ்டிர்லிங் மோஸ் ஒரு மெர்ஸிடிஸ் காரில் அதை 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் முடித்து ஜயித்தார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். முன்கூட்டியே அந்தச் சாலையில் போய்ப் பார்த்து, ஆபத்தான வளைவுகளைத் தரம் பிரித்து, ஐந்து மீட்டருக்கும் அதிகமான காகிதச் சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் படித்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். அவரே பிறகு அதை ‘மோட்டார் ஸ்போர்ட்’ பத்திரிகையில் எழுதினார்.

அந்தக் கட்டுரையின் சிறப்பு வேகத்தில் இல்லை. வேகத்தை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது புரியும். கெட்டிக்கார டிரைவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் உள்விளிம்பை ஒட்டிப் போய், சாலை விரியும்போது வேகம் கொடுப்பார். மற்றவர் வளைவுக்குள் புகுந்த பிறகு பிரேக்கை மிதிப்பார். நின்றுகொண்டிருக்கும் பிரயாணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். பந்தயக்காரனின் வித்தையும் அடிப்படையில் இதுதான். அதை ஜென்கின்சன் தன் உடம்பால் எழுதுகிறார். வாந்தியெடுத்ததையும், அப்போது மூக்குக்கண்ணாடி காற்றில் பறந்துபோனதையும் மறைக்கவில்லை. காகிதச் சுருளை நம்பி மோஸ் மேட்டுக்கு அப்பால் தெரியாத சாலையில் வேகம் குறைக்காமல் பாயும் இடத்தில், நமக்கே வயிறு கலங்குகிறது.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயம் நடந்ததே, அதில் 19 திருப்பங்கள். நான் படித்த வர்ணனைகளில் விளக்கு இருந்தது, கூட்டம் இருந்தது, இரைச்சல் இருந்தது. ஒரு திருப்பம்கூட இல்லை. தேரை எழுதிய அதே பேனாதான்.

ஜென்கின்சனிடமும் குறை இல்லாமல் இல்லை. ஓரத்தில் நின்ற ஜனங்கள் அவர் கண்ணில் கூட்டமாகத்தான் படுகிறார்கள், மனிதர்களாகப் படுவதில்லை. அந்தப் பந்தயம் 1957-இல் பார்வையாளர்களையும், அவர்களில் குழந்தைகளையும் பலிகொண்டு நின்றுபோயிற்று என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் குறை உறுத்தும். சிதம்பரத்தில் ஓரத்து ஜனங்களும் ஓட்டத்தில் சேர்த்தி. மேல வீதியில் கஞ்சித்தொட்டி முனையருகே தேர்கள் நிற்கின்றன. பருவதராஜ குலத்தார் அம்மனைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பாவித்துச் சீர் செய்கிறார்கள். பிறகுதான் மேற்கொண்டு பயணம். நிற்பதும் ஓட்டத்தில் ஒரு பகுதி என்று அறிந்தவர்கள் வகுத்த பாதை அது.

இதெல்லாம் எழுத்தாளர்களின் வீட்டுக் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் சப்பரத்தைத் திருப்பும்போது மின்கம்பி பட்டு 11 பேர் இறந்தார்கள். நேரே போகும்போது அல்ல, திருப்பும்போது. முனையில் என்ன நடக்கிறது, மேலே என்ன இருக்கிறது, கீழே யார் குனிந்திருக்கிறார் என்று பார்க்கப் பழகாத கண்ணுக்கு, கோஷமும் புழுதியும்தான் தெரியும். பார்க்கப் பழக்குவது யாருடைய வேலை? கதை எழுதுகிறவர்களுக்கு அதில் கொஞ்சமாவது பங்கு உண்டு.

கடைசியாக ஒன்று. தேர்த் திருப்பத்தை எழுதத் தெரியாதவர் மனிதனின் திருப்பத்தையும் அப்படித்தான் எழுதுகிறார். முந்நூறு பக்கம் குடித்துக் கூத்தடித்த கணவன் ஒரே வரியில் ‘மனம் திருந்தினான்’. எந்தச் சக்கரம் நின்றது, எது உருண்டது, எத்தனை தடவை கட்டை போட்டார்கள், யாருடைய கை நசுங்கியது? அதை எழுதுவதற்குத்தானே ஐயா, நாவல்!