தீர்மான மாதிரிக் குறியீடு: ஒரு மதிப்பீடு

தீர்மான மாதிரிக் குறியீடு (டிஎம்என்) என்பது ஒரு நிறுவனம் தன் அன்றாட முடிவுகளை எந்த விதிகளின்படி எடுக்கிறது என்பதைப் படமாகவும் அட்டவணையாகவும் காட்டும் முறை ஆகும். ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் தர அமைப்பு இதன் முதல் பதிப்பை 2015-இல் வெளியிட்டது. விதியை வகுக்கும் அலுவலரும் அதை நிரலாக்குபவரும் ஒரே ஆவணத்தைப் படித்து ஒரே பொருளைக் கொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

படம்

முடிவு செவ்வகமாகவும், உள்ளீடு பக்கங்கள் வளைந்த நீள்வடிவமாகவும், மீண்டும் பயன்படும் விதித்தொகுப்பு இரு மூலைகள் வெட்டப்பட்ட செவ்வகமாகவும், விதிக்கு ஆதாரமான சட்டம் போன்றவை அடிப்பக்கம் நெளிந்த தாளாகவும் வரையப்படுகின்றன. வெவ்வேறு பொருளுடைய குறிகள் பார்த்தவுடன் வேறுபட வேண்டும் என்பது, காட்சிக் குறியீடுகளுக்கு டேனியல் மூடி 2009-இல் வகுத்த ஒன்பது நெறிகளுள் ஒன்று. நெளிந்த தாள் இந்நெறிக்குப் பொருந்துகிறது. ஆனால் முடிவையும் விதித்தொகுப்பையும் பிரிப்பவை வெட்டிய மூலைகள் மட்டுமே. விதித்தொகுப்பையும் ஆதாரத்தையும் இணைப்பவை இரண்டுமே விட்டுவிட்ட கோடுகள். அவற்றின் முனை மட்டுமே வேறு. பெரிய படத்தில் இவை எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

அட்டவணை

ஒரு வரிசைக்கு ஒரு விதி என்பதால் அட்டவணை எவருக்கும் எளிதில் புரியும். இக்குறியீட்டின் வலிமை இதுவே. சிக்கல், அதன் மூலையில் இடப்படும் ஓர் ஆங்கில எழுத்தில் உள்ளது. ஒரு கடையின் இரு விதிகளை எடுத்துக்கொள்வோம்:

1. வயது 60-க்கு மேல்: தள்ளுபடி 10%
2. கடையின் உறுப்பினர்: தள்ளுபடி 15%

உறுப்பினரான 65 வயதுக்காரருக்கு இரண்டும் பொருந்தும். மூலையில் ‘யு’ இருந்தால் அட்டவணையே பிழையானது; ‘எஃப்’ இருந்தால் முதல் விதிப்படி 10%; ‘சி+’ இருந்தால் இரண்டையும் கூட்டி 25%. வரிசைகளில் ஒரு சொல்லும் மாறாமலே விடை மாறிவிடுகிறது. ‘எஃப்’ முறையில் வரிசைகளை இடம் மாற்றினாலும் விடை மாறும். அம்முறை நல்ல வழக்கமன்று எனத் தர ஆவணமே கூறியும், அதை அனுமதிக்கிறது.

மதிப்பீடு

வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் குறி, அட்டவணையிலேயே மிகச் சிறியதாக இருப்பது வடிவமைப்புக் குறை. ‘முதலில் பொருந்துவது மட்டும்’, ‘அனைத்தையும் கூட்டுக’ என அதைச் சொல்லால் எழுதினால் அலுவலருக்கும் விளங்கும். ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு விதிகளைப் பிரித்தெழுதுவது இன்னும் சிறந்தது. மேற்கண்ட கடைக்கு ‘இரண்டும் பொருந்துபவர்’ என மூன்றாம் வரிசை சேர்த்து, முதலிரண்டையும் ‘முதியோர் மட்டும்’, ‘உறுப்பினர் மட்டும்’ எனத் திருத்தினால் போதும். மூலையெழுத்தை அறியாதவரும் அப்போது சரியான விடையைப் படிப்பார்.