நாற்பது மணி நேரமும் ஒரு வாய்க்காலும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தருவோர் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் பேராசிரியர் லோவாஸ் 1987-இல் வெளியிட்டது அது. நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு, வாரத்தில் 40 மணி நேரத்திற்கு மேலாக, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல், ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்சியாளர் என்ற முறையில் பயிற்சி தரப்பட்டது. அவர்களுள் 9 பேர் சராசரி அறிவுத்திறனை எட்டிச் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தனர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 40 பேரில் அவ்வாறு எட்டியவர் ஒருவரே.

இந்த எண்களைக் கண்டு மயங்குவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் சேர்வது என்பது சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படவில்லை. 2000-இல் வெளியான, அவ்வாறு குலுக்கிப் பிரித்த ஆய்வில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. மேலும் லோவாஸின் முறையில் உரத்த குரலில் அதட்டுவதும், சில வேளை தொடையில் அடிப்பதும் அடங்கும். அந்தப் பகுதி இல்லாமல் அதே முடிவு கிடைப்பது அரிது என்றே அந்த ஆய்வுக் கட்டுரை கூறியது.

நாற்பது என்னும் எண் வேறோரிடத்திலும் வருகிறது. அமெரிக்காவில் 2014-இல் தொடங்கிய நடத்தைப் பயிற்சியாளர் சான்றிதழுக்கு வேண்டிய அடிப்படைப் பயிற்சியும் 40 மணி நேரமே! தேர்வும் மேற்பார்வையும் உண்டுதான். எனினும் குழந்தை ஒரே வாரத்தில் உட்கார வேண்டிய நேரம்தான், அதற்குக் கற்பிப்பவர் மொத்தமாகக் கற்ற நேரம்.

தஞ்சை மாவட்டச் சிற்றூரில் இந்த நாற்பதுக்கு என்ன பொருள்? இங்கு வீட்டுக்கு வருபவர் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர். அவருக்குப் பல ஊர்கள். தாய் நடவுக்குப் போயிருப்பாள். பாட்டிதான் பக்கத்தில் இருப்பாள். கிடைக்கும் சில மணி நேரத்தில் எதைக் கற்பிப்பது என்பதே கேள்வி. லோவாஸ் வழியினர் நெடுங்காலம் கற்பித்தவை: அசையாமல் உட்கார், கண்ணைப் பார், கையை உதறாதே. கண்ணோடு கண் நோக்குவது வேதனை என்று ஆட்டிசமுடைய பெரியவர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். கையை உதறுவதால் யாருக்கும் தீங்கில்லை. (அரசு ஏடுகளில் இக்குழந்தைகளைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பதுண்டு. ஓசையும் ஒளியும் மிகையாக உறுத்தும் குழந்தைக்கு இப்பெயர் சிறிதும் பொருந்தாது.)

ஆனால் வாய்க்கால் தீங்கு செய்யும். 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டிசமுள்ள குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப்பின் ஒரு முறையேனும் யாருக்கும் தெரியாமல் வெளியேற முயன்றிருந்தனர். ஓடும் நீர் இவர்களுள் பலரை ஈர்க்கும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், சில நாட்களில் கல்லணையைக் கடந்து தண்ணீர் வீட்டுக் கொல்லை வரை வந்துவிடும்.

இங்கேதான் அந்த முறையின் நல்ல பகுதி பயன்படுகிறது. செயலைச் சிறு படிகளாகப் பிரிப்பது, சரியாகச் செய்தவுடன் பிடித்ததைக் கொடுப்பது, உதவியைச் சிறிது சிறிதாகக் குறைப்பது, ஒவ்வொரு முயற்சியையும் தாளில் குறிப்பது ஆகியவையே அதன் உயிர். முற்றத்தில் கோலமாவினால் ஒரு கோடு. கோட்டருகே 'நில்' என்றதும் நின்றால், ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் ஊற்றி விளையாட விடலாம். நீரை விரும்பும் குழந்தைக்கு மிட்டாயைவிட அது பெரிது. முதலில் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு தோளைத் தொட்டு, பிறகு சொல்லால் மட்டும். கோடு பழகியபின் வாய்க்கால் கரை. பாட்டிக்கும் இது முடியும். நாற்பது மணி நேரம் வேண்டாம், நாள்தோறும் கால் மணி போதும் என்று தொடங்கலாம். இதை நம்பிக் காவலைத் தளர்த்தக் கூடாது. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளும், இயன்றால் நீச்சலும் வேண்டும்.

கரையில் நடக்கும் பாடத்துக்கு ஏற்ற மாதம் ஏப்ரல். அப்போது வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.