உயிர்க்காப்பும் ஒரே அளவுகோலும்

கர்ப்பத்திலுள்ள சிசுவைக் காக்கவேண்டுமென்று கண்ணீரோடு ஜெபிக்கும் சுவிசேஷ சபைகளின் வாலிபர்களுள்ளேயே, தூக்குமேடை ஏறுகிறவனுக்காகவும், யுத்தத்தில் மடிகிறவனுக்காகவும், பிறந்தபின் பாலின்றி வாடும் குழந்தைக்காகவும் அதே கண்ணீர் ஏன் சிந்தப்படவில்லை என்று கேட்பவர் தோன்றியிருப்பதால், இவ்விஷயத்தில் கிறிஸ்தவ சம்பிரதாயங்கள் கைக்கொண்டுவந்த பிரமாணங்களை இம்மலரில் ஒருவாறு நோக்குவது தகும்.

ஆதித் திருச்சபையில் இக்கேள்விக்கே இடமிருந்ததில்லை. ‘திதகே’ என்னும் பழைய போதனை நூல் கருச்சிதைவையும் சிசுவதையையும் ஒருங்கே விலக்கிற்று. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய லக்தான்சியுஸ், பச்சைக் குழந்தையை வெளியே எறிவதையும், போர்ச்சேவகத்தையும், மரண தண்டனைக்குரிய குற்றத்தை ஒருவன்மேல் சாட்டுவதையும்கூட ஒரே மூச்சில் மறுத்தார். அரசாங்கம் கிறிஸ்தவர் கைக்கு வந்த பிறகே அகுஸ்தீனார் போன்றோர் நீதிபதிக்கும் படைவீரனுக்கும் விலக்களித்தனர். அதிகாரம் வந்ததும் விலக்கும் வந்தது என்பதை வாலிபர்கள் மறவாதிருப்பார்களாக! 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கொணர்ந்த லுத்தரன் மரபு, ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, அரசனுடைய பட்டயம் தேவனால் நியமிக்கப்பட்டதென்னும். மெனோனைட்டுகளோ அப்பட்டயத்தைத் தொடுவதே பாவமென்பர்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே சேசுசபைக் குருமார் ஆவூரில் ஊன்றிய கத்தோலிக்க மரபு இவ்விஷயத்தில் மெல்ல மெல்ல முழுமை எய்திற்று. கர்தினால் பெர்னார்டின் 1983-இல் நியூயார்க்கிலுள்ள போர்டாம் சர்வகலாசாலையில் ஆற்றிய சொற்பொழிவில், கருக்கலைப்பு, அணுயுத்தம், மரண தண்டனை முதலியவற்றைத் தனித்தனியே பிரிக்கலாகாதென்றார். 2018-இல் போப் பிரான்சிஸ், மரண தண்டனை எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்றெனத் திருச்சபையின் ஞானோபதேசத்தையே திருத்தினார். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தால் கருக்கொலையின் கொடுமை மங்கிவிடுமே என்று ஆட்சேபிப்பவரும் அம்மரபிலேயே உண்டு. அவ்வாட்சேபத்தை அற்பமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

சுவிசேஷ சபைகளின் சரித்திரமோ விசித்திரமானது. அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்டு மகாசபை 1971-இல், சில சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாமென்றே தீர்மானித்தது. பிரான்சிஸ் ஷேஃபரும் வைத்தியர் கூப்பும் 1979-இல் நூலாலும் திரைப்படத்தாலும் கிளர்ச்சியூட்டிய பின்னரே காற்று திரும்பிற்று. 1987-இல் ரான் சைடர், கருவுக்கு அழுகிறவன் ஏழைக்கும் அழவேண்டுமென வாதித்தபோது செவிசாய்த்தவர் சிலரே. இன்று கேள்வி கேட்கும் வாலிபர் பலர் அவர் வழியினரே.

நம் நாட்டிலோ புத்தகம் எழுதுமுன்பே காரியம் நடந்தது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் தோனாவூரில், கோயிலுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை ஏற்று, பாலூட்டி, படிப்பித்து, ஆளாக்கியபோது, உயிரைக் காப்பதென்பது தொட்டிலோடு முடியாமல் பல வருஷங்களுக்கு நீளும் கடன் என்பதைச் செய்துகாட்டினார். 1971-இன் கருக்கலைப்புச் சட்டத்தைக் கண்டிக்கும் பிரசங்கங்கள் மிகுதி. 1992-இன் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் சேர்ந்த சிசுக்களை வளர்க்கக் கேட்டு நின்ற சபைகளைப் பற்றி அவ்வளவு கேள்விப்பட்டதில்லை.

நம் புதுக்கோட்டைச் சீமைக்கு இவ்விசாரம் புதிதுமன்று. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளில் நோற்ற சமண முனிவருக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். தாங்கும் சக்திக்கேற்ப விரதத்தின் கடுமை குறைந்ததேயன்றி, கொல்லாமை என்னும் பிரமாணம் மாறவில்லை.

சித்தன்னவாசல் அமைந்த அதே அன்னவாசல் வட்டாரத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. செய்தவர் யாரென்ற வழக்கு ஒருபுறமிருக்க, அது சமூக விஷயம், உயிர் விஷயமன்று என்று விலகிக்கொள்ளும் பக்தர்களை நான் அறிவேன். ஆனால் அங்கே முதலில் வயிற்றோட்டமும் வாந்தியும் காய்ச்சலுமாய்ப் படுத்தவர்கள் குழந்தைகள். அவர்களுடைய நோய்க்குக் காரணம் தேடியே பெரியவர்கள் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தார்கள்.