எண்ணும் இடமும்: 'சென்னை 600028' படத்தின் இரு பாகங்கள்

ஒரு நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகத்தை முதற்பாகத்தோடு ஒப்பிடுவோர் கதை, நடிப்பு, இசை ஆகியவற்றையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். மொழி அளவுகோலாவது அரிது. வெங்கட் பிரபு இயக்கிய 'சென்னை 600028' (2007), அதன் தொடர்ச்சியான 'சென்னை 600028 II: செகண்ட் இன்னிங்ஸ்' (2016) ஆகிய இரண்டையும் மொழி நோக்கில் ஒப்பிட்டால், பின்னது தளரும் இடம் தெளிவாகும்.

தலைப்பின் பொருள்

அஞ்சல் குறியீட்டு எண் முறை இந்தியாவில் 1972ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களுள் முதல் மூன்று அஞ்சல் மாவட்டத்தையும், இறுதி மூன்று அஞ்சலகத்தையும் சுட்டுவன. 600028 என்பது இராஜா அண்ணாமலைபுரம். பேச்சு வழக்கில் இது 'சென்னை 28' எனச் சுருங்கும். இந்த எண்ணுக்கு அகராதிப் பொருள் இல்லை. சுட்டுப்பொருள் மட்டுமே உண்டு.

முதற்படத்தின் கதையே இச்சுட்டுப்பொருளின்மேல் எழுந்தது. இராயபுரத்து 'ராக்கர்ஸ்' அணியின் ஆட்டக்காரன் ரகு, அவர்களுடைய எதிரணியான 'ஷார்க்ஸ்' வாழும் விசாலாட்சித் தோட்டத்துக்கே குடிவருகிறான். வீடு மாறிய ஒருவன் அணியும் மாற வேண்டுமா என்பதே முரண். முகவரியே இங்குக் கதை. ஆகவே தலைப்பும் கதையும் ஒன்றாகின்றன. வங்காளத்தில் இப்படம் 2010இல் 'லே சக்கா' என்னும் பெயரில் மறுஆக்கம் பெற்றது. ஊர் மாறியதும் எண் கைவிடப்பட்டு, ஆறு ஓட்டத்தைக் கொண்டாடும் கூவல் தலைப்பாயிற்று. சுட்டுச்சொல்லை மொழிபெயர்க்க இயலாது, அதற்கு ஈடு தேடவே இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

பேச்சின் வேர்

சென்னைத் தெருக் கிரிக்கெட்டுக்குத் தனிச் சொற்றொகுதி உண்டு. மட்டை பிடிக்கும் முறை 'காஜி'. கையை மடக்கி எறியும் பந்து 'மாங்கா'. பந்தயம் வைத்து ஆடுவது 'பெட் மேட்ச்'. இவற்றுள் 'மாங்கா', கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தும் செயலிலிருந்து எழுந்த உருவகம். 'பெட் மேட்ச்' ஆங்கிலச் சொற்களால் ஆனதாயினும் தெருவில் உருவான தொடர். முதற்படத்தின் நகைச்சுவை இத்தகைய பேச்சுலகில் பிறந்தது. சிறுவர் அணியிடம் பந்தயத்தில் தோற்கும் இளைஞர்களைக் கண்டு நகைக்க, அத்தோல்வி அத்தெருவில் எத்துணை இழிவு என்பதை உணர வேண்டும். 'காஜி' என்பதைப் 'பேட்டிங்' எனத் துணைத்தலைப்பில் எழுதுபவர் செயலைத் தருகிறார். தன்முறைக்காகக் காத்து நிற்கும் சிறுவனின் ஆவலைத் தருவதில்லை.

இடம் பெயர்ந்த தொடர்ச்சி

இரண்டாம் படத்தில் நண்பர்கள் ரகுவின் திருமணத்துக்காகத் தேனிப் பகுதிக்குச் செல்கின்றனர். கதையின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்கிறது. தலைப்பிலுள்ள எண் இப்போது எந்த இடத்தையும் சுட்டுவதில்லை. முன்னைய வெற்றியை நினைவூட்டும் பெயராக மட்டும் நிற்கிறது. சுட்டுச்சொல் வணிகப்பெயராகத் திரிந்தது எனலாம்.

இவ்விடமாற்றம் ஒரு வாய்ப்பையும் தந்தது. சென்னைப் பேச்சும் தேனி வட்டாரப் பேச்சும் ஒரே ஆட்டக்களத்தில் எதிர்ப்படும்போது புதுவகை நகைச்சுவை பிறந்திருக்கலாம். படமோ வட்டார வழக்கைப் பெரிதும் எதிரணித் தலைவன் மருதுவின் மிரட்டலுக்கு உரியதாக்கிவிடுகிறது. ஆட்டத்துக்கெனத் தேனி இளைஞர்க்கு உள்ள சொற்கள் எவை என்னும் வினா எழவே இல்லை.

எனினும், தொடர்ச்சியை முற்றும் ஒதுக்கல் முறையன்று. 'செகண்ட் இன்னிங்ஸ்' என்னும் துணைத்தலைப்பு பொருத்தமானது; ஆட்டக் கலைச்சொல் இங்கு இல்லறப் பருவத்தைக் குறிக்கும் உருவகமாகிறது. முப்பதைக் கடந்த ஆண்கள் விளையாட வீட்டில் இசைவு கேட்கும் காட்சிகளில் நகையோடு ஒரு மென்துயரும் கலந்துள்ளது. முதற்படத்தில் பேசிய தெருமொழி இங்கு நினைவுகூரும் மொழியாகிவிட்டது. இந்த மாற்றத்தையே கருவாகக் கொண்டிருப்பின் படம் முதலதற்கு இணையாகி இருக்கும்.

முடிவாக, மொழிபெயர்ப்பாளர்க்கு முதற்படம் கடினமானது, இரண்டாவது எளிதானது. அவ்வெளிமையைக் குணமாகக் கொள்ள இயலாது. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதையாகிவிட்டமையால் வந்த எளிமை அது. முதற்படத்தைப் பெயர்ப்பவர் சொல்தோறும் ஒரு தெருவைப் பெயர்க்க வேண்டியுள்ளது. அவ்வுழைப்பே அப்படத்தின் சிறப்புக்குச் சான்றாகும்.