பாசி பிழிந்த தண்ணீர்

திருக்கேதீஸ்வரத்தில் பாலாவிக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மழை பெய்தால் குளம் ஏறும், கோடையில் இறங்கும். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்க் கணக்கு அவ்வளவுதான். மழையே இல்லாமல் மரம் சொட்டுவதை ஹோட்டன் சமவெளியில்தான் கண்டேன்.

விடியற்காலை. பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனையெல்லாம் எடுத்துவிட்டார்கள் (நல்ல வேலை). உயரம் 2,100 மீற்றருக்கு மேல். மரங்கள் குட்டையாக, முறுகி, குடை விரித்தமாதிரி நின்றன. கிளையெல்லாம் பாசி. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, பெருத்து, விழுந்தது. அந்த இடத்திலேயே அடுத்தது முளைத்தது. போகிற மேகத்தைப் பாசி பிடித்து வைத்துக்கொள்கிறது. விரலால் மெல்ல அழுத்தினேன். ஈரத் துவாயைப் பிழிந்ததுபோல மணிக்கட்டுவரை வழிந்தது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சொட்டுகள் போய்ச் சேருகின்றன.

‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வந்தவர்கள் அதை மூடிய வெள்ளை மூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். எனக்குக் குறையில்லை. 1988இல் இந்தச் சமவெளியைத் தேசியப் பூங்காவாக்கியது அந்தப் பள்ளத்துக்காக மட்டுமா என்ன?

மலை இறங்கும்வரை சட்டைக் கை காயவில்லை. ஊர் திரும்பும் வழியில் முருங்கன் தாண்டியபோது தொட்டுப் பார்த்தேன், மொறுமொறுவென்று இருந்தது.