பின்னட்டையிலிருந்து புரட்டுகிறவர்கள்

பத்திரிகை கைக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிற கூட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அட்டையில் நடிகை, தலையங்கத்தில் அரசாங்கம், நடுவில் தொடர்கதை. இவையெல்லாம் எங்கே ஓடிவிடப் போகின்றன? கடைசிப் பக்கத்தில் ஒரே ஓர் ஆள் நமக்காகக் காத்திருப்பார். போன மாதம் விட்ட இடத்திலிருந்து தொடருவார். இல்லாவிட்டால் விட்ட இடத்தையே மறந்துவிட்டு வேறெதையோ ஆரம்பிப்பார். இரண்டுமே நமக்குச் சம்மதம். இந்த மாதம் அவர் கண்ணில் என்ன பட்டது என்று தெரிந்தால் போதும்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் கவிதைக்கும் நம்மிடம் விமர்சனம் உண்டு, வரலாறு உண்டு, விருது உண்டு. பத்தி எழுத்தை மட்டும் ஏதோ பத்திரிகைக்காரர்கள் இடத்தை நிரப்பப் போடுவது மாதிரி ஒதுக்கிவிட்டோம். தனி ஓர் ஆள், தன் பெயரில் ஒரு பக்கம், இன்ன விஷயம் என்று எந்த வரையறையும் இல்லை, ஆனால் குறித்த நாளில் வந்தாக வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பத்து வாரம் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் பதினோராவது வாரத்தின் அருமை தெரியும்.

தமிழில் இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தைச் சொல்வேன். டெல்லியில் 1965 ஜூலையில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய பத்திரிகை அது. அப்போது அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எஸ். ரங்கராஜன், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். பிறகு அவர் சுஜாதா ஆனார், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸுக்குப் போனார், வெகுஜனப் பத்திரிகைகள் அவர் தொடர்கதைக்கு வரிசையில் நின்றன. அதற்குப் பிறகும் சிறிய வட்டம் படிக்கிற ஒரு மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை அவர் கைவிடவில்லை. விட்டும் தொட்டும் 1998 வரை எழுதியது பின்னால் புத்தகமாகவும் வந்தது. பெரிய மைதானத்தில் ஆடுகிறவர் தெருவிலும் ஆடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், தெருவில்தான் நினைத்த மாதிரி ஆட முடியும் என்பதாக இருக்கலாம்.

அந்தப் பக்கத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கச்சேரி, ஒரு மோசமான தமிழ்ப் படம், யாரும் கேள்விப்படாத ஓர் இளைஞரின் கவிதை, விஞ்ஞானத்தில் ஒரு புதுச் செய்தி, முடிவில் ஒரு குறும்பு. இவற்றுக்குள் சம்பந்தம் எதுவும் இல்லை. சம்பந்தப்படுத்தவும் அவர் முயலமாட்டார். 'இது இப்படியிருக்க', 'இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது' போன்ற பாலங்களைக் கட்டுகிறவர் வேறு ஜாதி எழுத்தாளர். இங்கே ஒரு பத்தி முடியும், வெள்ளையாக ஓர் இடைவெளி, அடுத்தது தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் வாசகன் தானாகவே ஒரு தாவு தாவிக்கொள்கிறான். தாவிய சந்தோஷத்தையும் எழுதினவர் கணக்கிலேயே வரவு வைத்துவிடுகிறான்!

தொடங்குகிற விதத்தைப் பாருங்கள். சாதாரணமாகப் பத்தி எழுதுகிறவர் இப்படி ஆரம்பிப்பார்: 'சமீபத்தில் நண்பர் ஒருவரின் அன்பான அழைப்பின் பேரில் ஓர் இசை நிகழ்ச்சிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது.' அன்பு, அழைப்பு, நண்பர், வாய்ப்பு எல்லாம் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்ட பிறகுதான் பாட்டு வரும். கடைசிப் பக்கத்தில் நாம் நுழையும்போதே பாடகர் பாதிக் கீர்த்தனையில் இருப்பார். எழுத்தாளர் எந்த வரிசையில் உட்கார்ந்தார், யார் கார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது. 'நான்' அந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது. ஆனால் அது பார்க்கிற நான். பார்க்கப்படுகிற நான் மிகக் கொஞ்சம். தன்னைப் பற்றி எழுதுவதுதான் பத்தி என்று நினைத்துக் கெட்டவர்கள் பலர். தன்னிடத்திலிருந்து எழுதுவதுதான் பத்தி.

இன்னொரு சூட்சுமம், பக்கம் ஒன்றுதான் என்பது. மேலே தலைப்பு, கீழே அச்சகத்தின் பெயர், நடுவில் இருப்பது மட்டும்தான் உங்களுக்கு. இந்த நெருக்கடியில் முதலில் உதிர்வது அடைமொழிகள். அடுத்து உதிர்வது 'என்று நான் கருதுகிறேன்'. படம் பிடிக்கவில்லை என்றால் இயக்குநரை வைது மூன்று வாக்கியம் எழுத இடமில்லை. ஒரே ஒரு காட்சியைச் சொல்லி நிறுத்த வேண்டியதுதான். வைத வாக்கியங்களைவிட அந்த ஒரு காட்சிதான் இயக்குநருக்கு வலிக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று இடம் கொடுத்தபோது நல்ல பத்தியாளர்கள் ஊளைச்சதை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வேஷம் கட்டிக்கொள்வதும் இந்தக் கலையில் ஒரு பகுதி. புதுச்சேரியில் இருந்துகொண்டு பாரதி 1915 வாக்கில் 'சுதேசமித்திர'னில் 'தராசு' என்று ஒரு பத்தி எழுதினார். கடை ஒன்று இருக்கிறது, அதில் பேசும் தராசு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் கேள்வி போடுகிறார்கள், தராசு எடை பார்த்துப் பதில் சொல்கிறது. என்ன வசதி பாருங்கள்! அபிப்பிராயம் தராசுடையது, கடைக்காரர் அதோடு சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம், வாடிக்கையாளர் பக்கம் கட்சி சேரலாம். ஒரே ஆள் மூன்று குரலில் பேசுகிறார். பாரதியின் கவிதையைப் பற்றிப் பேசுகிற வாயெல்லாம் அவருடைய உரைநடையில் இருக்கும் இந்த விளையாட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

முப்பதுகளில் 'ஆனந்த விகட'னில் 'ஆடல் பாடல்' எழுதிய கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டு வித்வான்களை வம்புக்கு இழுத்தார். பிற்காலத்தில் 'துக்ள'க்கில் துர்வாசர் என்று கோபமாக எழுதியவர், கதைகளில் குரலை உயர்த்தவே தெரியாத வண்ணநிலவன். கதைக்காரரால் முடியாததைத் துர்வாசர் செய்தார். முகமூடி மாட்டினால் ஆள் மறைவார் என்பார்கள். பத்தியில் முகமூடிக்குப் பின்னாலிருந்துதான் சிலருக்கு நிஜ முகமே வெளிவருகிறது.

சரி, வாசகர்கள்? அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இதில் எனக்குப் பிடித்த உதாரணம் லண்டன்காரர். சாமுவேல் ஜான்சன் 1750 மார்ச் 20 அன்று 'தி ராம்ப்ளர்' என்ற தாளைத் தொடங்கினார். விலை இரண்டு பென்ஸ். செவ்வாயும் சனியும் வரும். இரண்டு வருஷத்தில் 208 இதழ்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர எல்லாம் அவரே எழுதியது. ஒரு பக்கம் அகராதி வேலை, இன்னொரு பக்கம் கடன். அச்சகத்துப் பையன் வாசலில் நிற்கும்போது எழுதி முடித்துக் கொடுத்த கட்டுரைகளும் உண்டு. விற்றது என்னவோ ஐந்நூறு பிரதிக்குள்தான். நன்றாக விற்றது ஒரே ஓர் இதழ், 97ஆம் இதழ், என்று சொல்வார்கள். அதை எழுதியது ஜான்சன் இல்லை, நாவலாசிரியர் ரிச்சர்ட்சன்! அந்த மனிதரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை 98ஆம் இதழ் வந்தது.

வாசகர் பெருகியது வேறு வழியில். வெளியூர்ப் பத்திரிகைகள் அந்தக் கட்டுரைகளை எடுத்து மறுபடி போட்டன. புத்தகமாகத் தொகுத்தபோது பதிப்பு மேல் பதிப்பு ஓடியது. ஜான்சனையே ராம்ப்ளர் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தது. தாள் வந்த அன்றைக்கு வாங்காதவர்கள், தாள் நின்ற பிறகு வந்து சேர்ந்தார்கள். பத்தியின் வாசகர் தொகையை வாரா வாரம் எண்ணிப் பார்ப்பது நாற்றைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பது மாதிரிதான்.

நம் ஊரில் சி.சு. செல்லப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கும்போதே, கடையில் கிடைக்காது, சந்தாதாரர்களுக்கு மட்டும்தான், 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டார். வாசகர் தொகைக்குக் கீழ்வரம்பு வைத்துக் கவலைப்பட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். மேல்வரம்பு வைத்தவர் இவர் ஒருவர்தான். அந்த வரம்பைத் தொடுகிற தொல்லை அவருக்குக் கடைசி வரை ஏற்படவில்லை. 'எழுத்து' தனி ஒருவர் எழுதிய பத்தி இல்லை, பலர் எழுதிய பத்திரிகை. ஆனால் திருகோணமலையிலிருந்து இருபது வயது தருமு சிவராமு அனுப்பியதைப் பிரித்துப் படித்து, இதில் சரக்கு இருக்கிறது என்று முடிவு செய்த கண் ஒரே ஆளுடையது. எழுதுகிற வாசகர்களைத்தான் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிடிவாதத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். வீட்டில் இருப்பவர்கள் பாவம்.

நான் இத்தனை பத்திகளைப் படித்ததில் கண்டுகொண்டது ஒன்று உண்டு. வாசகனைத் தன்னிடமே கட்டிப்போடுகிற பத்திக்கு ஆயுள் குறைவு. வாசலைத் திறந்து 'அங்கே போய் அதைப் படி' என்று வெளியே அனுப்புகிற பத்திக்குத்தான் அவன் திரும்பத் திரும்ப வருகிறான். சுஜாதா கெட்டிக்காரர், இதைப் புரிந்துவைத்திருந்தார். ஹைக்கூ என்றார், ஆழ்வார் என்றார், சிலிக்கன் சில்லு என்றார். யாரோ ஒரு சின்னப் பத்திரிகையில் வந்த கவிதையை முழுசாகக் கொடுத்து, எழுதியவர் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனவர்கள் ஒரு தலைமுறை. நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதையை அவர் மேடையில் வாசித்தது இன்றைக்கும் பேசப்படுகிறது. 'கற்றதும் பெற்றதும்' விகடனில் வந்த காலத்தில், அதில் ஒருமுறை பெயர் வந்துவிட வேண்டும் என்று ஏங்காத இளம் கவிஞர் யார்?

எஸ். ராமகிருஷ்ணன் 'கதாவிலாச'த்தில் இதையே முறையாகச் செய்தார். தன் வாழ்க்கையில் நடந்தது ஒன்று, அதோடு ஒட்டி ஒரு தமிழ் எழுத்தாளரின் கதை ஒன்று, வாரா வாரம். லட்சக்கணக்கில் விற்கிற பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டு, சில நூறு பிரதி விற்றவர்களின் கதவைக் காட்டினார். அனுப்பப்பட்ட வாசகர்கள் போனார்கள், படித்தார்கள், அடுத்த வாரம் இன்னொரு முகவரி கேட்டுத் திரும்பி வந்தார்கள். கொடுக்கக் கொடுக்கக் குறையாத சரக்கு இது. ஆனால் கொடுப்பதற்குக் கையில் படிப்பு இருக்க வேண்டும், அதுதான் சங்கடம்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். வாசகர் கடிதங்களில் புகழ்ச்சியை மட்டும் பொறுக்கி எடுத்துப் போடுகிற பத்தி. கலந்துகொண்ட விழாக்களின் டைரியாகிவிட்ட பத்தி. அதில் பொன்னாடை வரும், மேடையில் பேசிய விஷயம் வராது. மாதம் தவறாமல் யாராவது இறந்துபோவதை நம்பியிருக்கிற அஞ்சலிப் பத்தி. எல்லா விஷயத்திலும் கருத்து வைத்திருக்கிற பத்தி. பட்ஜெட் வந்தால் பட்ஜெட், கிரிக்கெட் வந்தால் கிரிக்கெட். ஊரே பேசுகிற விஷயத்தில் பத்தியாளரும் வாயைத் திறந்தால் கூட்டத்தில் அவர் குரலை எப்படிப் பிரித்தெடுப்பது? நாஞ்சில் நாடன் 'தீதும் நன்றும்' எழுதியபோது கோபப்பட்டார், நிறையவே கோபப்பட்டார். ஆனால் அந்தக் கோபம் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆளுக்கு வருகிற கோபம். கூடவே ஒரு பழைய சாப்பாட்டுப் பெயரும் ஒரு வட்டார வார்த்தையும் தட்டில் வந்து விழும். வண்ணதாசனின் 'அகம் புற'த்தில் செய்தியே கிடையாது. எதிர்வீட்டு மனிதர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

தொகுப்பாக வந்த பத்திகளை ஒரே மூச்சில் படிக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன், கடைப்பிடிப்பதில்லை. தொடர்ந்து படித்தால் எழுதியவரின் உத்தி தெரிய ஆரம்பித்துவிடும். இங்கே ஒரு ஜோக் வரப்போகிறது, அங்கே ஒரு கவிதை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். சுஜாதாவின் பழைய சினிமாக் குறிப்புகளில் பல இன்று படத்தின் பெயரோடு சேர்ந்தே மங்கிவிட்டன. கவிதை பற்றியும் பிரபந்தம் பற்றியும் எழுதினவை அப்படியே இருக்கின்றன. எது நிற்கும் என்று எழுதுகிறபோது அவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த மாதம் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

முடிக்கத் தெரிந்த பத்தியாளர்கள் குறைவு. பெரும்பாலும் பத்திரிகை நின்றுபோகும், ஆசிரியர் மாறுவார், அல்லது ஒரு மாதம் பக்கம் வராது, அடுத்த மாதம் யாரும் கேட்கமாட்டார்கள். முறையாக விடைபெற்றவர் ஜான்சன். 1752 மார்ச்சில் வந்த 208ஆம் இதழில், பொதுமக்களின் செல்லப்பிள்ளையாகத் தான் என்றுமே இருந்ததில்லை என்று எழுதிவிட்டுக் கடையைக் கட்டினார். கொஞ்சம் முறுக்கு, கொஞ்சம் வருத்தம். அடுத்த வருஷமே இன்னொருவர் நடத்திய 'அட்வென்சர'ருக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். 1758இல் மறுபடி சொந்தமாக ஒரு பத்தி, இரண்டு வருஷம், சனிக்கிழமை தோறும். அதற்கு அவர் வைத்த பெயர் 'சோம்பேறி'.